கரடிக்கு அவர் நடை

1963 ஜூலை 8, திங்கள்

காற்று. காலையிலிருந்து ஒரே புழுதி. கொடியில் போட்ட துணி எல்லாம் மண். இரண்டாம் தடவை அலசினேன்.

எழுத உட்கார்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வீட்டில் பேச ஆள் இல்லாமல் போய்விட்டது. கட்டினவர் இருக்கிறார், பேச்சு இல்லை. வைகாசியில் ஒரு நாள் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கையில் சொம்போடு சாய்ந்தார். வலது கை, வலது கால், வாய் மூன்றும் போயின. மிச்சம் ஒரே ஒரு சொல். "இல்ல." தண்ணீர் வேண்டுமா என்றால் "இல்ல". கொடுத்தால் குடிக்கிறார். வலிக்கிறதா என்றால் "இல்ல". கண்ணில் நீர். நாடக மேடையில் ராத்திரி முழுக்க வாய் ஓயாத மனிதர்.

இன்று சபாபதி வந்தார். பாலக்கரையில் சினிமா பேனர் எழுதுகிறவர், கொட்டகைகளுக்கு விளம்பர ஸ்லைடும் செய்கிறவர். மெட்ராஸில் இருந்து கார்ட்டூன் வரையக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். பல்பொடிக் கம்பெனி ஒன்றுக்குப் படம் செய்கிறார். கொட்டகையில் பெரிய படம் தொடங்கும் முன்னால் ஓடுமாம். தேன் தின்று பல் கெட்ட கரடி ஒன்று பல்பொடி போட்டுத் தேறுகிற கதை. முதலில் ஆள் நடந்து, நடித்து, அதைக் காமிராவில் பிடிப்பது. பிறகு அந்தப் பிலிமைக் கட்டம் கட்டமாகக் காகிதத்தின் மேல் வெளிச்சம் போட்டு, ஆளின் உடம்புக் கோட்டின் மேலேயே கரடியை வரைவது. மூஞ்சி கரடியுடையது. நடை ஆளுடையது.

கரடிக்கு இவர் நடைதான் வேண்டும் என்று சித்திரையிலேயே பேசி வைத்திருந்தார். அந்த நடை இந்த ஜில்லாவில் பல பேருக்குத் தெரியும். சமையல்காரர் வேஷம். வயிறு முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். திரை ஓரத்தில் வயிறு தெரிந்ததுமே சனம் சிரிக்கத் தொடங்கிவிடும்.

ச. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தயங்கித் தயங்கித்தான் சொன்னார். கம்பெனியில் அவசரப்படுத்துகிறார்களாம். மெட்ராஸிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று இருக்கிறாராம்.

அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார். "இல்ல" என்றார். இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். "இல்ல. இல்ல."

நான் சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை.

"வேற ஆள் வேணாங்க. நான் செய்றேன். அவரு நடை எனக்குத் தெரியும்."

ச. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பழகி வையுங்கள், ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்று எழுந்து போனார். நம்பிப் போனாரா, பாவம் என்று போனாரா தெரியாது.

அவர் மறுபடி சுவர்ப் பக்கம். அந்த "இல்ல"வுக்கு நான் எடுத்துக்கொண்ட அர்த்தம் சரியா என்று யாரைக் கேட்பது.

ஜூலை 9, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. ரவிக்கை இரண்டு தைத்து முடித்தேன். காஜா பாக்கி.

நாடகக் கம்பெனியில் உடுப்புப் பெட்டி என் பொறுப்பு. மேடை ஏறியதே இல்லை. அடுத்த வேஷத்துக்கான சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நிற்பது. அங்கிருந்து பார்த்ததுதான் எல்லாம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எத்தனையோ வருஷம், பக்கவாட்டில். சனம் பார்த்த மாதிரி முன்னாலிருந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்று இன்றைக்குத்தான் தோன்றியது.

ச. சொல்லிவிட்டுப் போனவை:

தூங்கி எழுந்து சோம்பல் முறிப்பது.
தேன் பானைக்கு நடந்து போவது.
யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்ப்பது.
பல்வலி. கன்னத்தில் கை, ஒற்றைக் காலில் குதி.
பல்பொடி போட்ட பின் ஆட்டம்.

முகம் வேண்டாமாம். எல்லாம் உடம்பிலேயே தெரிய வேண்டும். காமிரா சாவி கொடுத்து ஓடுவது. அது ஓடி நிற்பதற்குள் முடிக்க வேண்டும். திரும்பத் திரும்ப எடுக்கப் பிலிம் கிடையாது. அதனால்தான் இந்தப் பழக்கம் எல்லாம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு அவர் கட்டிலுக்கு எதிரே நடந்தேன். கதவிலிருந்து தையல் மிஷின் வரை. "இல்ல." மறுபடி நடந்தேன். "இல்ல." கொசுவம் காலில் தட்டுகிறது. புடவையில் இந்த நடை வராது.

ஜூலை 10, புதன்

அவருடைய கறுப்பு கால்சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன். மேலே அவர் முழுக்கைச் சட்டை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுப்புதான் கோடு தெளிவாகத் தெரியும் என்று ச. சொல்லியிருந்தார்.

கோமளம் மாமி பால் செம்போடு வந்துவிட்டார். வீடு அவருடையது. முன்பகுதியில் அவர், பின்பகுதியில் நாங்கள். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி தனம் இது வேஷம்? ஆத்துக்காரர் இப்படிப் படுத்துண்டிருக்கச்சே."

சொன்னேன். எல்லாம் கேட்டார். கரடியா, கரடியா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பெருமாள்தான் பார்த்துக்கணும் என்று செம்பை வைத்துவிட்டுப் போனார். கோபமில்லை. வருத்தம். அது கோபத்தைவிடக் கஷ்டம்.

கால்சட்டையில் நடை கொஞ்சம் வருகிறது. அவர் "இல்ல" என்றுதான் சொல்கிறார். ஆனால் பார்க்கிறார்.

ஜூலை 11, வியாழன்

நல்ல நாள். அப்படித்தான் எழுத வேண்டும்.

நடந்துகொண்டிருந்தபோது கட்டில் சட்டத்தில் சத்தம். இடது கையால் தட்டுகிறார். நிறுத்தச் சொல்கிறார் என்று நின்றேன். தட்டு நிற்கவில்லை. தட்டு, தட்டு, கொஞ்சம் இடைவெளி, தட்டு. தாளம். அந்த இடைவெளியில்தான் வயிறு முன்னே போய்க் கால் பின்தங்க வேண்டும். எனக்கு இதுநாள்வரை தெரியாத விஷயம். பார்த்திருக்கிறேன், தெரிந்ததில்லை.

தாளத்துக்கு நடந்தேன். சாயங்காலம் வரை. கை சோர்ந்து அவரே நிறுத்தினார். ரசம் சாதம் வழக்கத்தைவிட இரண்டு கவளம் கூட.

வாணிக்குக் கடிதம் போட வேண்டும். (என் தங்கை. திருவெறும்பூரில் இருக்கிறாள்.)

ஜூலை 13, சனி

எழுதவே மனமில்லை. எழுதிவிடுகிறேன்.

இரண்டு நாளாகத் தாளம் நன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் எனக்குப் பேராசை. எழுந்து நின்று ஒரே ஒரு எட்டு காட்டினால் போதும் என்று நினைத்தேன். கேட்டேன். "இல்ல" என்றார். அவருக்கு எல்லாமே "இல்ல" தானே என்று தோளைக் கொடுத்துத் தூக்கினேன்.

நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். என் கழுத்தில் அவர் மூச்சு. இடது காலை வைத்தார். வலது கால் வரவில்லை. வரும் என்று நான் இடுப்பைப் பிடித்து முன்னால் இழுத்தேன். இரண்டு பேரும் தரையில். அவர் மேலே, நான் கீழே. எழுந்திருக்க முடியவில்லை. மாமியைக் கூப்பிட்டேன். மாமியும் பக்கத்து வீட்டுப் பூக்காரரும் வந்து தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். நான் அந்தக் கால்சட்டையோடு.

அடி ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தான் ஒன்று போயிற்று.

இந்த ஒரு தடவை "இல்ல" என்றால் இல்லைதான் போலிருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

சுவர்ப் பக்கம் திரும்பியவர் திரும்பியவர்தான். நடந்தால் பார்ப்பதில்லை. தட்டுவதில்லை. முதுகுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாமி வந்து அருகில் உட்கார்ந்தார். விட்டுவிடு என்று நேரே சொல்லவில்லை. அவர் மனசு என்ன பாடுபடும் என்று மட்டும் கேட்டார். தன் நடையைப் பெண்டாட்டி நடந்து பார்ப்பது ஒரு ஆண்பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று. நான் அவருக்காகச் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். ஊசி, நம்பர் பதினாறு.

ஜூலை 17, புதன். ஆடி பிறந்தது.

விடிந்ததும் கொள்ளிடத்துக்குப் போனேன். வீட்டில் இருக்கிற கண்ணாடி மார்பு வரைதான் காட்டும். மணலில் நடந்தால் தடமாவது தெரியும்.

காவிரியில்தான் தண்ணீர். கொள்ளிடம் வெறும் மணல், நடுவில் ஒரு ஓடை. கரையோரம் வெளுக்கிறவர்கள் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். தள்ளிப் போய்ப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். திரும்பித் தடத்தைப் பார்த்தேன். குதிகால் இழுத்த கோடு வந்திருக்கிறது, ஆனால் இரண்டு காலிலும். அவருக்கு ஒரு காலில்தான் வரும். மறுபடி நடந்தேன். மறுபடி பார்த்தேன். வெயில் ஏறும் வரைக்கும்.

வெளுக்கிற பெண் ஒருத்தி கிட்டே வந்துவிட்டாள்.

"என்னக்கா, கால்ல முள்ளா?"

இல்லை என்றேன். அவள் சிரித்தாள். நடையைப் பார்த்துத்தான் சிரித்தாள். இந்த நடைக்கு என்னைப் பார்த்து ஒருத்தர் சிரித்தது இதுதான் முதல் தடவை. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் நுழைந்ததும் அவர் முதுகு.

ஜூலை 19, ஆடி வெள்ளி

மாமி வீட்டில் சர்க்கரைப் பொங்கல். கொஞ்சம் கொடுத்தார். அவருக்கு ஊட்டினேன். வாய் ஓரம் வழிந்தது.

மத்தியானம் ச. வந்து பார்த்தார். கால்சட்டை, தலையணை எல்லாம் கட்டி அடுத்தடுத்துச் செய்து காட்டினேன். நடை சரி என்றார். இரண்டு பக்கமும் பார்ப்பது ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். பல்வலிக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்க செஞ்சா நெசமாவே வலிக்கிற மாதிரி இருக்குங்க. பாக்கறவன் சிரிக்கணும்ல?"

வலியை எப்படிச் சிரிப்பாக்குவது. எனக்கு வராது. இவருக்கு வந்தது. மேடையில் அடுப்பில் கை சுட்டுக்கொள்வார், கொட்டகை விழுந்து விழுந்து சிரிக்கும். திங்கட்கிழமை படம் பிடிக்க மெட்ராஸிலிருந்து காமிராக்காரர் வருகிறார் என்று ச. சொல்லிவிட்டுப் போனார்.

அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன். எனக்கு இது வரல, நீங்கதான் சொல்லணும், எப்படின்னு காட்டுங்க என்று. கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினார். இடது கையைத் தூக்கினார். மெதுவாக, ரொம்ப அக்கறையாக, வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போலத் தன் கன்னத்தில் வைத்தார். வைத்த கையைத் தானே சந்தேகமாகப் பார்த்தார். இடது புருவம் மட்டும் மேலே போயிற்று. அவ்வளவுதான். கையும் புருவமும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். வைகாசிக்கு அப்புறம் இந்த வீட்டில் முதல் சிரிப்பு.

நான் சிரித்ததை அவர் பார்த்தார். அந்தக் கண் எனக்குத் தெரிந்த கண். சனம் சிரித்ததும் அடுத்ததைப் போட வருகிற கண். அடுத்தது வலது கை. வலது கையால் முழங்காலைத் தட்டிக்கொள்ள வேண்டும். கையைப் பார்த்தார். போர்வை மேல் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரிக்காமலும் எப்படி இருப்பது.

ஜூலை 21, ஞாயிறு

பழக்கம். பழக்கம். அவர் பார்க்கவும் இல்லை, சுவர்ப் பக்கம் திரும்பவும் இல்லை. மேலே உத்திரத்தைப் பார்த்தபடி.

நாளைக்கு: கால்சட்டை, சட்டை, தலையணை, கட்ட நாடா, ஊக்கு. மாமி பத்து மணி முதல் இவரோடு கூட இருக்கிறேன் என்றார். அவரே சொன்னது, நான் கேட்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

போய் வந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று போய் நேரமாயிற்று. தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. பஸ்ஸில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பாலக்கரையில் ச.வின் கொட்டகை. பாதி வரைந்த பெரிய பெரிய முகங்கள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. பின்னால் ஒரு சுவருக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். கூரையில் ஓடு பிரித்து வெயில் உள்ளே விட்டிருக்கிறார்கள். தகரத்தில் ஜிகினாத் தாள் ஒட்டி அந்த வெயிலை என் மேல் திருப்பினார்கள். தலையணையோடு வேர்த்து ஊற்றியது. காமிராக்காரர் சின்ன வயசு. கால்சட்டை போட்ட பொம்பளையைக் கண்டு சிரிப்பாரோ என்று பயந்திருந்தேன். ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு நான் ஒரு கறுப்புக் கோடு.

சோம்பல் முறித்தேன். நடந்தேன். ச. குச்சியால் தகரத்தில் தாளம் தட்டினார், நான் சொல்லிக்கொடுத்த மாதிரி. இரண்டு பக்கமும் பார்த்தேன். பல்வலி வந்தது. கன்னத்தில் கை வைத்தேன். வைத்ததும் கட்டிலும் போர்வை மேல் கிடந்த கையும் கண்ணுக்குள் வந்துவிட்டன. அடுத்து என்ன என்று மறந்து போயிற்று. காமிரா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. நிற்கக் கூடாது என்று தெரியும். உடம்பு எதையோ செய்தது. இடுப்பு ஒரு பக்கம் போயிற்று, கை இன்னொரு பக்கம். குதித்தேன். ஆடினேன். காமிரா நின்றது.

ச. குச்சியைக் கீழே வைத்தார். நல்லா வந்திருக்கும்னு நினைக்கிறேன் என்றார் காமிராக்காரர். பிலிம் மெட்ராஸுக்குப் போய்க் கழுவி வர வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து அவரிடம், ஆச்சு என்றேன். "இல்ல" என்றார்.

ஜூலை 23, செவ்வாய்

உடம்பெல்லாம் வலி. தலையணை உறையைத் துவைத்தேன். இன்றைக்குப் பழகுவதற்கு ஒன்றும் இல்லை. மத்தியானம் முழுக்க என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆகஸ்டு 3, சனி. ஆடிப் பதினெட்டு.

அம்மாமண்டபத்தில் கட்டுக்கடங்காத கூட்டம். புதுத் தாலிக் கயிறு மாற்றிக்கொள்ள மாமி இழுத்துக்கொண்டு போனார். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காதோலை கருகமணி, தேங்காய் மூடி, மஞ்சள், எல்லாம் தண்ணீரில். மாமி என் கயிற்றைக் கட்டிவிட்டு, வேண்டிக்கோடி என்றார்.

கண்ணை மூடினேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. எழுந்து நடக்க வேண்டும் என்றா. பேச வேண்டும் என்றா. இரண்டும் நடக்காது என்று தெரிந்துகொண்டு கேட்பது ஏமாற்று. பிலிம் கெடாமல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

சித்ரான்னம் கொண்டு வந்தேன். புளியோதரை அவருக்குப் பிடிக்கும். சாப்பிட்டார்.

ஆகஸ்டு 11, ஞாயிறு

பிலிம் வந்தது. கெடவில்லை.

ச. சாயங்காலம் புரொஜெக்டரை ரிக்‌ஷாவில் வைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். நான் கேட்காமலே. இவர் பார்க்க வேண்டும் என்று ச.வுக்கும் இருந்திருக்கிறது. சுவரில் வேட்டி கட்டினோம். அவரைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். மாமி கதவோரம். ஜன்னலுக்குக் கம்பளி.

என்னை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. முகமே சரியாகத் தெரியவில்லை. கறுப்பாக ஒரு உருவம், வயிற்றோடு. சோம்பல் முறித்தது. நடந்தது. மாமி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இரண்டு பக்கமும் பார்த்தது. ச. சிரித்தார், தெரிந்திருந்தும். நான் கட்டிலில் இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் அவர் முகத்தில் ஆடியது.

பல்வலி இடத்தில் அவர் சிரித்தார்.

சத்தமாக. முழுச் சிரிப்பு. நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். பிலிம் ஓடி முடிந்தது. சிரிப்பு நிற்கவில்லை. ச. இன்னொரு தடவை ஓட்டினார். சிரிப்பு. தோள் குலுங்குகிறது, மூச்சு வாங்குகிறது. பிறகு எப்போது மாறிற்று என்று தெரியவில்லை, அழுகையாக இருந்தது. மாமி, ஆனந்தக் கண்ணீர்டி என்றார். மார்பைத் தடவிக் கொடுத்தேன். மெதுவாக அடங்கிற்று.

எனக்கு இன்றைக்கு இது போதும். அவர் சிரித்தார். என்னைப் பார்த்து, என் நடையில் தன் நடையைப் பார்த்து. போதும்.

ஆகஸ்டு 12, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரி. மாத மருந்து வாங்குகிற நாள். வரிசை. டாக்டர் நல்லவர், பொறுமையாகக் கேட்பார். நேற்று நடந்ததைச் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். சிரித்தார் சார், வாய்விட்டு என்று.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். நிறுத்த முடியாமல் சிரித்தாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அழுகையா என்றார். ஆமாம்.

"இந்த வியாதியில அப்படி வரும்மா. மூளையில அடிபட்டதால வர்றது. சிரிப்பும் அழுகையும் தானா வரும், தானா போகும். நீங்க அதுல அர்த்தம் பாக்காதீங்க."

அப்போ அவருக்குப் பிடிக்கலையா என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. பிடிச்சும் இருக்கலாம். அதை அந்தச் சிரிப்பை வச்சுச் சொல்ல முடியாது. அவ்வளவுதான்."

மருந்து வாங்கினேன். பஸ் நிற்கிற இடத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறேன். ஸ்ரீரங்கம் பஸ் ஒன்று வந்து போனதை அப்புறம்தான் கவனித்தேன்.

மாமியிடம் சொல்லவில்லை.

ஆகஸ்டு 14, புதன்

ரவிக்கைக்காரி வந்து சத்தம் போட்டாள், கை இறுக்கமாம். பிரித்துத் தைக்க வேண்டும்.

குளிப்பாட்டும்போது அவர் சிரித்தார். தண்ணீர் மேலே பட்டதற்கு. ஒன்றும் இல்லாததற்கு. அதே சிரிப்பு.

ஆகஸ்டு 16, வெள்ளி

மழை தூறல். கூரையில் ஒரு இடத்தில் ஒழுகுகிறது. வாளி வைத்தேன்.

ச. வந்தார். வாசலிலேயே பேசலாம் என்றார். பல்பொடி முதலாளி வீட்டில் நான் நடந்த பிலிமைப் போட்டுக் காட்டினாராம். எல்லாருக்கும் பிடித்ததாம். குழந்தைகள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்களாம்.

"ஆனா எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க. பொம்பளைக் கரடின்னுதான் பேசிக்கிறாங்க. பெரிய வீட்டு அம்மா, கரடிக்குப் புடவை கட்டிவிடுன்னு சொல்லிட்டாங்க. முதலாளியும் சரின்னுட்டார்."

"அது அவரு நடைங்க" என்றேன்.

ச. என் பக்கம் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன். அவரு நாடகம் எத்தனையோ பாத்திருக்கேன். பிலிம்ல கட்டம் கட்டமா வச்சு வரையறப்பத்தான் தெரியுது. அவரு இல்லீங்க. ஒரு எடத்துலகூட அவரு இல்ல. எல்லாம் நீங்கதான்."

தாளம் அவருடையதுதானே என்றேன். தாளம் இருக்கிறது என்றார். கன்னத்தில் கை வைத்தது என்றேன். அதுவும் இருக்கிறது, ஆனால் கை உங்களுடையதாகத்தான் தெரிகிறது என்றார். ச. என்ன செய்வார். கண்ணுக்குத் தெரிகிறதைச் சொல்கிறார்.

கம்பெனி இன்னும் இரண்டு படம் கேட்கிறதாம், இதே கரடியை வைத்து. சந்தைக்குப் போவது ஒன்று. குட்டிகளுக்குப் பல் விளக்கிவிடுவது ஒன்று. நான்தான் வேண்டுமாம். சொல்லுங்க என்றார்.

உள்ளே அவர் படுத்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. எவ்வளவு கேட்டதோ.

அவர் நடையை இனிமேல் யாரும் எங்கேயும் பார்க்க முடியாது. என் தலைக்குள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன், பிலிமில் பார்த்தால் அங்கேயும் இல்லை.

சரி என்று சொன்னேன். சொன்னபோது, இருக்கட்டும், எழுதுகிறேன், உள்ளுக்குள் எங்கேயோ கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்டு 18, ஞாயிறு

தூறல் நின்றது. காலையில் நல்ல வெயில். மெத்தையை வெயிலில் போட்டேன்.

சாப்பாடு, மருந்து, புறம் திருப்பிப் படுக்க வைத்தது, எல்லாம் ஆயிற்று. கரடி சந்தைக்குப் போகிறது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இதற்குக் கால்சட்டை வேண்டாம், புடவையே போதும் என்று ச. சொல்லியிருக்கிறார். இதைப் பழகத் தாளமும் வேண்டாம். நான் தினமும் நடக்கிற நடை.

அவர் எதிரில் செய்ய மனம் வரவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இடம் போதவில்லை. அடுப்பிலிருந்து அம்மி வரை நாலு எட்டுதான். நடந்தேன். திரும்பினேன். நன்றாக வந்தது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தூங்கியிருப்பார் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். தூங்கவில்லை. சுவர்ப் பக்கமும் திரும்பவில்லை. கழுத்தை முடிந்தவரை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.